சிண்டரெல்லாவின் சின்னக் கால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய தேவதைக் கதைகளில் ரோபோவையும் விண்கலத்தையும் புகுத்துவது பிள்ளைகளின் கதையைக் கெடுக்கிற வேலை என்று போன ஞாயிறு இணைப்பிதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எனக்கு அது ஒப்பவில்லை.

நானும் வீட்டுக்காரரும் கணபதியில், எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றும் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறோம். கோடை வந்தால் அன்னூர், அவிநாசி பக்கமிருந்து கம்பிச்சுருள் எரிந்துபோன சப்மெர்சிபிள் மோட்டார்கள் வாசலில் குவிந்துவிடும். இருபத்திரண்டு வருடமாக என் கையில் வார்னிஷ் வாசம்தான். கல்லூரியில் படிக்கும் மகள், மரிஸ்ஸா மேயர் எழுதி 2012இல் வந்த 'சிண்டர்' நாவலை ராத்திரி வேலை முடிந்ததும் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். எதிர்காலத்தில் புதிய பெய்ஜிங் என்றொரு நகரம். அங்கே சந்தையில் கடை போட்டிருக்கும் மெக்கானிக்தான் சிண்டரெல்லா. இளவரசன் அவளிடம் முதலில் வருவதே பழுதான ஆண்ட்ராய்டு ரோபோ ஒன்றைச் சரிசெய்து வாங்கத்தான். வேலை தெரிந்தவள் என்று தேடி வருகிறான். அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம்.

அவளுக்கு ஒரு கையும் ஒரு காலும் உலோகம். சின்னப் பிள்ளையில் பொருத்திய கால். ஆள் வளர்ந்துவிட்டாள், கால் அப்படியே இருக்கிறது. துருப்பிடித்த திருகாணியைத் திருகிக் கழற்றி அந்தக் காலை எடுப்பதில்தான் நாவலே தொடங்குகிறது. கடைசியில் அரண்மனைப் படியில், பழைய கதையில் தொலைகிற செருப்புக்குப் பதில் அந்தச் சின்னக் காலே கழன்று கிடக்கிறது.

அந்த இடத்தில் மகளை நிறுத்தச் சொல்லிவிட்டேன். என் தம்பிக்கு எட்டு வயதில் கரும்பு டிராக்டரில் விழுந்து முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. வளருகிற பிள்ளைக்குச் செயற்கைக் காலை அடிக்கடி மாற்ற வேண்டும். அப்பாவிடம் அதற்குக் காசில்லை. பன்னிரண்டு வயதில் போட்ட காலோடு பதினைந்து வரை நடந்தான். உயரம் போதாமல் இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து நடப்பான். சாயங்காலம் கழற்றினால் தோல் உரிந்து சிவந்திருக்கும். விளக்கெண்ணெய் தடவிவிடுவது என் வேலை. எந்த இளவரசி கதையிலும் இந்த வலியை நான் கேட்டதில்லை.

தம்பி இப்போது திருப்பூரில் தையல் மெஷின் மெக்கானிக். போனில் கதையைச் சொன்னதும், "அவளுக்குப் புதுக் கால் கெடைச்சுதாக்கா?" என்றுதான் கேட்டான். கிடைத்தது என்றேன்.

அப்புறம், இந்தச் சிண்டரெல்லா கதை எப்போது ஒரே மாதிரி இருந்தது? கண்ணாடிச் செருப்பு 1697இல் பிரான்சில் பெரோ எழுதியது. 1812இல் கிரிம் சகோதரர்கள் போட்ட கதையில் அக்காமார் செருப்பு நுழைவதற்காக விரலையும் குதிகாலையும் வெட்டிக்கொள்கிறார்கள். சீனாவிலோ ஒன்பதாம் நூற்றாண்டிலேயே யே ஷியன் என்ற பெண்ணுக்கு மீன் எலும்பு உதவுகிறது, தங்கச் செருப்பு தொலைகிறது. எங்கள் பக்கம் பொன்னர் சங்கர் என்கிற அண்ணமார் கதையை உடுக்கடித்துப் பாடுகிறவர்களும் ஆளுக்கொரு மாதிரிதான் பாடுவார்கள். கதை கெட்டுவிட்டது என்று எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, ஒருநாளும் பாதியில் எழுந்து வந்ததில்லை.

'சிண்டர்' நாவலில், நிலாவிலிருந்து வரும் ராணி ஆட்களின் மனதை வசியம் செய்யும் பகுதி எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. அது இருக்கட்டும்.

உங்கள் சிறுவர் பக்கத்தில் இந்தக் கோடை விடுமுறைக்கு, நூறு வருடம் கழித்து நடக்கிற மாதிரி ஒரு பழைய கதையை எழுதி அனுப்பச் சொல்லிப் பிள்ளைகளைக் கேளுங்கள். செயற்கைக் காலோடு பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளையும் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வைண்டிங் பட்டறை வாசகி,
கணபதி, கோவை-6