அமெரிக்கா கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு

பாஸ்போர்ட்டில் எஃப்-1 விசா, அதாவது படிக்கப் போகிறவர்களுக்கான மாணவர் விசா, ஒட்டியாச்சு என்பதோடு வேலை முடியவில்லை, அது வாசல் வரை போகத்தான். மாணவர் அந்தஸ்து கிடைப்பது அங்கே குடியேற்றச் சோதனையில் அதிகாரி உங்களை எஃப்-1 என்று பதிந்து உள்ளே விடும்போதுதான். கல்லூரி தரும் சேர்க்கைச் சான்றுப் படிவமான ஐ-20-இல் உள்ள படிப்புத் தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு மேல் முன்னதாகப் போனால் விடமாட்டார்கள், டிக்கெட்டை அதைப் பார்த்துப் போடுங்கள். ஐ-20, செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் கணினிப் பதிவேடு) கட்டண ரசீது, பணத்துக்கான ஆதாரம் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், செக்-இன் பெட்டியில் வேண்டவே வேண்டாம். அபுதாபியில் மாறி நேராக அமெரிக்கா போகிறவர்களுக்கு இந்தக் குடியேற்றச் சோதனை அபுதாபியிலேயே முடிந்துவிடும். சரி, இறங்கியதும் இணையத்தில் ஐ-94 (நீங்கள் உள்ளே வந்ததற்கான அரசுப் பதிவு) எடுத்துப் பாருங்கள், எஃப்-1க்குப் பதில் பி-2 (சுற்றுலா வகை) என்று தப்பாக ஏறியிருந்தால் உடனே கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் சொல்லுங்கள். அப்புறம், படிப்பு தொடங்கி 30 நாளுக்குள் கல்லூரி உங்களை செவிஸில் பதிய வேண்டும், அதனால் போனவுடன் அங்கே தலையைக் காட்டுங்கள்.