‘நாஞ்சில் ஏடு’ புதிய விதிகளுக்கு மாறுகிறது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் கற்பனை உலகக் கையேடான ‘நாஞ்சில் ஏடு’ தீர்ந்து பல மாதங்கள் ஆகின்றன. வடசேரியில் பஸ் இறங்கி நேரே கடைக்கு வந்து, வெறுங்கையோடு திரும்பியவர்கள் பலர். அவர்களுக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதன் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை நம்பி எழுதிய கையேடு அது. 2024இல் அந்த விதிகள் திருத்தப்பட்டன. திருத்திய அடிப்படை விதித்தொகுப்பு 2025 ஏப்ரலில் எவரும் எடுத்தாளலாம் என்னும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளிவந்த பிறகே எங்களைப் போன்ற சிறு கடை அச்சுக்குத் துணிய முடிந்தது. எண்களை மாற்றினால் போதும் என்றுதான் உட்கார்ந்தோம். முதல் அத்தியாயத்திலேயே அந்த நினைப்பு பொய்த்தது.

முன்பு ஒரு பாத்திரத்தின் கூடுதல் வலிமையும் சுறுசுறுப்பும் பிறந்த இனத்தால் வந்தன. இப்போது அவை வளர்ந்த பின்னணியால், செய்த வேலையால் வருகின்றன. இதை மனமார வரவேற்கிறோம். தோள்சீலை உரிமைக்கு, அதாவது மேலாடை அணியும் உரிமைக்கு, பெண்கள் போராடிய மண் இது. இன்ன குடியில் பிறந்தவருக்கு இன்ன திறமைதான் என்று நாங்களே அச்சடித்து விற்றிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. ‘பனைக்குடி’ என்ற இனத்தை எடுத்துவிட்டு, ‘பனையேறி’ என்ற பின்னணியை எழுதினோம். வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி ஆகியவற்றில் ஒன்றுக்கு இரண்டு புள்ளியும் மற்றொன்றுக்கு ஒரு புள்ளியும் கூட்டலாம். அல்லது மூன்றுக்கும் ஒவ்வொன்று. இடுப்பில் பாளை அரிவாள், காலில் திளாப்பு என்னும் ஏறுகயிறு, விடியுமுன் இறக்கிய அக்கானி என்னும் பதநீர். சுரங்கத்தில் பிறந்த குள்ளர் இனத்தவர் ஒருவர் பத்து ஆண்டு பனை ஏறியிருந்தால், இவையெல்லாம் அவருக்கும் உரியவை.

எங்களை அதிக நாள் திணறடித்தது வைத்தியம். காயம் ஆற்றும் முதல்நிலை மந்திரத்துக்கு முன்பு எட்டுமுகப் பகடை ஒன்று, இப்போது இரண்டு; விழும் எண்ணைப் பொறுத்துக் காயம் ஆறும். அதை அப்படியே எடுத்துக்கொண்டால், மூலிகை தேடி மருந்துவாழ்மலை ஏறும் எங்கள் கையேட்டுக் கதைக்கு வேலையே இல்லை. பலரும் நெஞ்சோடு வைத்திருக்கும் கதை அது, விட மனம் வரவில்லை. ஆகவே எங்கள் உலகில், அந்த மலையின் மூலிகை போட்டுக் காய்ச்சிய எண்ணெய் வர்ம ஆசானின் கையில் இருந்தால்தான் இரண்டாவது பகடை. இது மூல விதியிலிருந்து விலகல்தான். வேண்டாதவர்கள் அந்தப் பத்தியைத் தவிர்த்துவிடலாம்.

சோர்வு விதி நேர்மாறாக எங்கள் சுமையைக் குறைத்தது. ஒவ்வொரு படி சோர்வுக்கும், ஒரு முயற்சி பலிக்குமா என்று பார்க்க உருட்டும் இருபதுமுகப் பகடையின் எண்ணில் இரண்டு குறையும், நடையில் ஐந்தடி குறையும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் எதிர்காற்றில் நடப்பவரின் சிரமத்தை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது. எங்கள் பழைய இரண்டு பக்கக் காற்று அட்டவணையை நீக்கிவிட்டோம். உதயகிரிக் கோட்டை, வட்டக்கோட்டை வரைபடங்களில் மாற்றம் இல்லை.

பழைய பிரதியை எறிந்துவிடாதீர்கள். கடைக்குக் கொண்டுவந்தால் மாற்றங்கள் அடங்கிய இணைப்பை இலவசமாகத் தருகிறோம். பாதி ஆட்டத்தில் இருக்கும் குழுக்கள் அந்தக் கதை முடியும்வரை பழைய விதியிலேயே ஆடுவது நல்லது. புதிய கையேடு ஆடி மாதம் கடைக்கு வரும்.

அன்புடன்,
கடையினர்,
நாகர்கோவில்