159 பேருக்கு ஒரு திறந்த மடல்: மாகாண சபைத் தேர்தலுக்குத் திகதி சொல்லுங்கள்

தேசிய மக்கள் சக்தியின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்களுக்குள் ஒருவரை ஒருவர் 'தோழர்' என்று கூப்பிட்டுக்கொள்கிறீர்கள். நான் கட்சிக்காரன் இல்லை, அதனால் உறுப்பினர்களே என்றே எழுதுகிறேன். ஜனாதிபதிக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. நான் கேட்கப்போவதை அவர் தனியாகச் செய்ய முடியாது. நாடாளுமன்றம்தான் செய்ய வேண்டும், அங்கே உங்களை எண்ணித்தான் எதுவும் நடக்கிறது.

2024 நவம்பர் 14ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் ஆறு ஆசனங்களில் மூன்றை உங்களுக்குக் கொடுத்தோம். தெற்கிலிருந்து வந்த ஒரு கட்சி இந்த மாவட்டத்தில் முதலிடத்துக்கு வரும் என்று அதற்கு முதல் வாரம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். பரம்பரையாகத் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்குப் புள்ளடி போட்ட குடும்பங்களில் இருந்தே உங்கள் திசைகாட்டிச் சின்னத்துக்கு வாக்கு விழுந்தது. எல்லாரும் உங்கள் கொள்கையைப் படித்துவிட்டுப் போட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பழையவர்கள் மீது வந்த சலிப்பு பாதி, இவர்கள் சொன்னதைச் செய்வார்கள் போலிருக்கிறதே என்ற எண்ணம் பாதி. அந்த இரண்டாவது பாதியை நம்பித்தான் இதை எழுதுகிறேன். இப்போது ஒரு வருடம் முடிந்துவிட்டது.

வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. கிழக்கு, வட மத்திய, சப்ரகமுவ சபைகளுக்கு அதற்கும் முதல் வருடம். கடைசியாக ஊவா, 2019இல். இன்று ஒன்பது மாகாணங்களில் ஒன்றில்கூட மக்கள் தெரிவு செய்த சபை கிடையாது. இது வடக்கு கிழக்குத் தமிழர்களின் பிரச்சினை என்றுதான் கொழும்பில் பேசுகிறார்கள். குருநாகலில் இருப்பவருக்கும் காலியில் இருப்பவருக்கும் பறிபோனது அதே வாக்குத்தான். அவர்கள் எங்கள் அளவுக்குச் சத்தம் போடவில்லை, அவ்வளவுதான்.

இது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களில் பலர் முதன்முறையாக நாடாளுமன்றம் போனவர்கள். 2017 செப்டெம்பரில் ஒரு சட்டமூலம் வந்தது. வேட்புமனுக்களில் பெண்களுக்கு 30 சதவீதம் ஒதுக்குவது அதன் நோக்கம். நல்ல நோக்கம். 2013இல் வட மாகாண சபைக்குத் தெரிவான 38 பேரில் பெண்களை எண்ண ஒரு கை விரல்கள் தாராளம். ஆனால் குழுநிலை விவாதத்தில் அந்தச் சட்டமூலத்துக்குள் முழுத் தேர்தல் முறையையும் மாற்றும் திருத்தங்களைச் செருகினார்கள். பாதி ஆசனம் தொகுதிவாரி, பாதி விகிதாசாரம். சபைக்கு வந்த சட்டமூலம் ஒன்று, நிறைவேறிய சட்டம் வேறொன்று.

தொகுதி என்றால் எல்லை வேண்டும். எல்லை நிர்ணயக் குழு போட்டு, அறிக்கையும் வந்தது. 2018 ஓகஸ்டில் அதை வாக்கெடுப்புக்கு விட்டபோது எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுகூட இல்லை. சபைக்கு அறிக்கையைக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்! இப்படி நடந்தால் பிரதமர் தலைமையில் ஐந்து பேர் கொண்ட மீளாய்வுக் குழு இரண்டு மாதத்தில் அறிக்கை தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. குழு அமைந்தது, அறிக்கை வரவில்லை. 2019இல் அன்றைய ஜனாதிபதி, பழைய முறையிலாவது தேர்தல் வைக்கலாமா என்று உயர் நீதிமன்றத்தைக் கேட்டார். அந்த அறிக்கை இல்லாமல் முடியாது என்று பதில் வந்தது. அன்றிலிருந்து தேர்தல் ஆணைக்குழு கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறது.

யாரும் வெளிப்படையாகத் தேர்தலை இரத்துச் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். இராணுவம் வரவில்லை, அவசரகாலச் சட்டம் வரவில்லை. ஒரு திருத்தம், ஒரு வாக்கெடுப்பு, எழுதப்படாத ஒரு அறிக்கை. இவ்வளவிலேயே ஒரு நாட்டின் மாகாண ஆட்சி முழுவதும் இல்லாமல் போய்விட்டது. சிறிசேன, கோட்டாபய, ரணில் என்று மூன்று ஜனாதிபதிகள் வந்து போனார்கள். யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.

இதனால் உனக்கு என்ன குறைந்துபோனது என்று கேட்பீர்கள். என்னிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருக்கிறது. வருடாவருடம் புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் காப்புறுதியையும் தூக்கிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போய் வரிப்பத்திரம் எடுக்கிறேன். அந்தக் காசு மாகாணத்தின் வருமானம். அந்தப் பத்திரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பி வருகிற வீதியில், சந்தி கடந்ததும் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம். இரண்டு மாரி கண்ட பள்ளம். இங்கே மத்திய அரசின் ஆர்.டி.ஏ. வீதி, மாகாணத்தின் ஆர்.டி.டி. வீதி, பிரதேச சபை வீதி என்று மூன்று சாதி வீதிகள் உண்டு. எங்களுடையது ஆர்.டி.டி., அதாவது மாகாணத்துக்குரியது. பிரதேச சபை உறுப்பினரிடம் சொன்னால் அது எங்களுடையது இல்லை என்கிறார், அது உண்மையும்கூட. நாடாளுமன்ற உறுப்பினரிடம் போனால் கடிதம் கொடுக்கச் சொல்கிறார். மாகாண அலுவலகத்தில் இருக்கும் பொறியியலாளர் மரியாதையானவர், நிதி வந்தால் செய்வோம் என்கிறார். நிதியை எந்த வீதிக்கு ஒதுக்குவது என்று எங்கள் சார்பில் சண்டை பிடிக்க வேண்டிய ஆள்தான் இல்லை. அந்தக் கதிரை வெறுமையாகக் கிடக்கிறது.

வீதி சின்ன விஷயம். மாகாணப் பாடசாலைகள், தள வைத்தியசாலைகள், விவசாயத் திணைக்களம், கூட்டுறவுச் சங்கங்கள் எல்லாம் இதே கணக்கில்தான் ஓடுகின்றன. வன்னியில் கணித ஆசிரியர் இல்லாத பாடசாலைக்கு ஆசிரியரை அனுப்பச் சொல்லி யாரிடம் கேட்பது? ஆளுநரிடம். ஆளுநர் யாருக்குப் பதில் சொல்வார்? தன்னை நியமித்த ஜனாதிபதிக்கு. 2018க்குப் பிறகு ஆளுநர்கள் வந்தார்கள், மாறினார்கள். நல்ல நிர்வாகிகளும் அவர்களில் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் பிடிக்காவிட்டால் அனுப்பிவிடும் உரிமை எங்களிடம் இல்லை.

சரி, இருந்த சபை மட்டும் என்ன கிழித்தது என்று கேட்டால், அதிகம் கிழிக்கவில்லைதான். 2013 செப்டெம்பரில் வெயிலில் வரிசையில் நின்று தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 38இல் 30 ஆசனம் கொடுத்தோம். முதல் ஒரு வருடத்துக்கு மேல் முன்னாள் இராணுவ உயரதிகாரி ஒருவர் ஆளுநராக இருந்து இழுத்தடித்தார் என்பது உண்மை. அதற்குப் பிறகும் தீர்மானங்கள் குவிந்த அளவுக்கு நியதிச்சட்டங்கள், அதாவது மாகாண சபை இயற்றும் சட்டங்கள், வரவில்லை. 2017இல் சொந்த முதலமைச்சருக்கே நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்து தெருவில் நின்றார்கள். எங்களுக்கு ஆத்திரம் வந்தது. அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்வோம் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த அடுத்த தேர்தல்தான் வரவே இல்லை. ஐந்து வருடம் ஒழுங்காக வேலை செய்யாதவர்களுக்கு நாங்கள் கொடுக்கவிருந்த தண்டனையைக் கொழும்பு தடுத்துவிட்டது என்றுதான் சொல்வேன். இன்று அவர்களே மேடையில் ஏறி, சபை இருந்திருந்தால் சாதித்திருப்போம் என்கிறார்கள். பொய் என்று நிரூபிக்க எங்களிடம் என்ன இருக்கிறது?

நல்ல தலைமை வேண்டும் என்று எல்லாரும் பேசுகிறோம். 2022இல் காலிமுகத்திடல் போராட்டத்தில் நின்ற பிள்ளைகளும் அதைத்தான் கேட்டார்கள். தலைவர்கள் எங்கே பழகுவார்கள்? சந்திரிகா குமாரதுங்க 1993இல் மேல் மாகாண முதலமைச்சர். அடுத்த வருடமே பிரதமர், அப்புறம் ஜனாதிபதி. அவருடைய ஆட்சியைப் பற்றி எனக்குக் கோபங்கள் உண்டு, அது வேறு கதை. ஒரு மாகாணத்தை நடத்திக் காட்டி, அதைப் பார்த்து நாடு முடிவெடுக்க ஒரு வழி அன்று இருந்தது. இன்று முப்பது வயதில் இருக்கும் ஒரு கெட்டிக்காரப் பெண் பிரதேச சபையில் நன்றாகச் செய்து காட்டினால் அடுத்த படி எது? நேரே நாடாளுமன்றம், அதற்குக் கட்சித் தலைவரின் தயவு வேண்டும். நடுவில் இருந்த படியை எடுத்துவிட்டு, புது முகங்கள் வரவில்லையே என்று கவலைப்படுகிறோம்.

உங்கள் கட்சிக்கும் மாகாண சபைக்கும் இருக்கும் பழைய கணக்கு எனக்குத் தெரியும். 1987இல் இந்த முறை வந்தபோது உங்கள் கூட்டணியின் தாய்க் கட்சியான ஜே.வி.பி. அதை ஆயுதத்தோடு எதிர்த்தது, வாக்குப் போடப் போனவர்கள் தெற்கில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். வடக்கையும் கிழக்கையும் பிரித்த 2006ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின்னால் உங்கள் கட்சியின் மனு இருந்தது. இதையெல்லாம் மறந்துவிட்டு நாங்கள் வாக்களிக்கவில்லை, தெரிந்துகொண்டுதான் போட்டோம். பிறகு நீங்களும் மாகாண சபைகளில் போட்டியிட்டீர்கள், உறுப்பினர்களாக இருந்தீர்கள். இந்த முறையில் உங்களுக்கு முழு உடன்பாடு இல்லாவிட்டால் அதையும் வெளியில் சொல்லுங்கள். புது அரசியலமைப்பு வரும், அதில் பார்ப்போம் என்பது 1994இலிருந்து நாங்கள் கேட்டு வரும் பதில். அதுவரை இருக்கிற அரசியலமைப்பில் எழுதியிருப்பதை நடத்த வேண்டாமா?

தேர்தலைத் தள்ளிப்போடுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று உங்களுக்குப் பாடம் எடுக்கவும் தேவையில்லை. 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலைத் திறைசேரியில் பணமில்லை என்று ரணில் அரசாங்கம் நிறுத்தியபோது தெருவுக்கு வந்தவர்கள் நீங்கள். கொழும்பு ஆர்ப்பாட்டத்தில் காயமடைந்த உங்கள் வேட்பாளர் ஒருவர் உயிரிழந்தார். அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் சொன்னபோது நீங்கள் கொண்டாடியதில் நாங்களும் சேர்ந்துகொண்டோம். ஒரு தேர்தல் இரண்டு வருடம் தள்ளிப்போனதற்கே அப்படி என்றால், ஏழு எட்டு வருடங்களுக்கு என்ன பெயர்?

உங்கள் விஞ்ஞாபனத்தில் மாகாண சபைத் தேர்தலை ஒரு வருடத்துக்குள் நடத்துவோம் என்று இருந்தது. இப்போது எல்லை நிர்ணயம் முடியவில்லை என்கிறீர்கள். அதே பாட்டைத்தான் உங்களுக்கு முன்னால் இருந்தவர்களும் பாடினார்கள். இங்கே தேநீர்க் கடையில் சொல்லப்படும் காரணம் வேறு: 2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் மறுபடியும் வீடு முன்னுக்கு வந்துவிட்டது, அதனால் பயம். இது உண்மையா என்று எனக்குத் தெரியாது. உண்மையில்லை என்றால் அதைக் காட்ட ஒரே வழிதான் இருக்கிறது.

கேட்பது பெரிய விஷயமும் இல்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஒரு சிறிய திருத்தம்: இந்த ஒரு முறை பழைய விகிதாசார முறையில் தேர்தல், பெண்களுக்கான 30 சதவீதம் அப்படியே இருக்கட்டும். எல்லைகளை ஆறுதலாக வரைந்து அடுத்த தேர்தலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு யாரிடமும் ஆதரவு கேட்டு அலைய வேண்டியதில்லை, மூன்றில் இரண்டு உங்களிடமே இருக்கிறது. தமிழ்க் கட்சிகள் கை தூக்காமல் இருக்கப் போவதில்லை, அப்படி இருந்தால் அவர்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் எங்கள் வாக்கில் போனவர்களிடம் தனியாக ஒரு கேள்வி: உங்கள் கட்சியின் குழுக் கூட்டத்தில் இதை ஒரு தடவையாவது எழுப்பினீர்களா? என்ன பதில் கிடைத்தது? அதை ஊருக்கு வரும்போது சொல்லுங்கள்.

திருத்தம் எப்போது வரும், வேட்புமனு எப்போது, வாக்களிப்பு எந்த மாதம் என்று ஒரு அட்டவணை போடுங்கள். குழு அமைத்திருக்கிறோம், ஆராய்கிறோம் என்ற அறிக்கைகள் எங்களிடம் போதுமான அளவு இருக்கின்றன. தேர்தல் வந்தால் திசைகாட்டிக்குத்தான் போடுவாயா என்று மட்டும் என்னிடம் இப்போது கேட்காதீர்கள், முதலில் வாக்குச்சீட்டை அச்சடியுங்கள்.

இப்படிக்கு,
வட மாகாண வாக்காளர் ஒருவர்