உப்பனாற்று ஆக்சிஜன் அளவோடு நேரத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் கடலூர் உப்பனாற்றுத் தண்ணீரைப் பற்றிப் போன வாரம் உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். கரைந்த ஆக்சிஜன் அளவைப் போட்டு, மீன் வாழத் தகுந்த தண்ணீர்தான் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் தெரு டீக்கடையில் அதை வெட்டி ஒட்டியே வைத்துவிட்டார்கள். ஆனால் அந்தத் தண்ணீரை எத்தனை மணிக்கு எடுத்தார்கள், அப்போது ஆறு ஏற்றத்தில் (கடல்தண்ணீர் உள்ளே ஏறும் நேரம்) இருந்ததா வற்றத்தில் (அது இறங்கும் நேரம்) இருந்ததா என்று ஒரு வரிகூட இல்லை. அது தெரியாமல் அந்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஏன் என்று எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கடலூர் முதுநகர்ப் பெண், எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். படிப்புக்காக இந்த ஆற்றில் தண்ணீர் எடுத்துச் சோதிக்கிறேன். முதல் இரண்டு முறை முற்பகல் பதினோரு மணி வாக்கில் போனேன், அளவு நன்றாகவே வந்தது. பல வருஷமாக இங்கே வலை போடுகிற என் பெரியப்பாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "வெயில் ஏறி, கடத்தண்ணி உள்ள வந்தப்புறம் பாத்தா ஆறு நல்லாத்தாம்மா இருக்கும். விடியறதுக்கு முன்னாடி, வத்தத்துல வந்து பாரு" என்றார்.

சரி என்று அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் நாலு மணிக்கெல்லாம் தோணியில் கிளம்பினோம். தண்ணீர் இறங்கிப்போய் இரண்டு பக்கமும் சேறு தெரிந்தது, துடுப்புப் போட ஆழம் இல்லாமல் பெரியப்பா கம்பு ஊன்றித்தான் தள்ளினார். ஒரு வளைவில் டார்ச்சை அடிக்கச் சொன்னார். தண்ணீர் மேலே சின்னச் சின்ன வாய்கள், வட்ட வட்டமாக, திறந்து மூடிக்கொண்டிருந்தன. மடவை மீன் குஞ்சுகள், மூச்சுக்காக மேலே வந்தவை. வெளிச்சம் பட்டும் ஓடவில்லை. கையை நீட்டினால் பிடித்துவிடலாம் போல அப்படியே கிடந்தன. இருபத்து மூன்று வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், இதை நான் பார்த்ததே இல்லை.

அங்கேயே தண்ணீர் எடுத்தேன். ஒரு காற்றுக்குமிழிகூட உள்ளே நிற்காமல் குப்பியை நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் விட்டு மூடித் தலைகீழாகக் குலுக்க வேண்டும். 1888ல் ஹங்கேரிக்காரர் விங்க்ளர் கண்டுபிடித்த முறை, இன்றைக்கும் நம்பகமானது. ஆக்சிஜன் நிறைய இருந்தால் கருப்பட்டி நிறத்தில் வண்டலாகப் படியும், இல்லவே இல்லை என்றால் வெள்ளையாகவே நிற்கும். என் குப்பியில் கஞ்சித் தண்ணீர் மாதிரி வெளுப்பாக, லேசான பழுப்பு ஓடிப் படிந்தது. பெரியப்பா குப்பியை வாங்கி டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அதே நாள் பதினொன்றரைக்கு, ஏற்றத்தில், அதே வளைவுக்கு மறுபடி போனோம். அதே ரசாயனம், அதே கை. கருப்பட்டி நிறம்! கரைக்கு வந்து அமிலம் விட்டு, ஸ்டார்ச் போட்டு, நீலம் மறைகிற சொட்டு வரைக்கும் தயோசல்பேட் விட்டுக் கணக்குப் பார்த்தேன். லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது இருந்தால்தான் மீன் வளர்க்கத் தகுந்த தண்ணீர் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. மதியத் தண்ணீர் அதைச் சுலபமாகத் தாண்டியது. விடியற்காலைத் தண்ணீர் அதில் பாதியைக்கூட எட்டவில்லை.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. பகலில் பாசி வெயிலில் ஆக்சிஜனை வெளியே விடுகிறது, ராத்திரி முழுக்க அதுவும் மூச்சு வாங்குகிறது. கழிவைத் தின்னும் பாக்டீரியாவுக்கோ இரவு பகல் கிடையாது, எந்நேரமும் ஆக்சிஜனைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதனால் விடியும் முன்தான் கையிருப்பு மிகக் குறைவு. அதோடு வற்றமும் சேர்ந்தால், கலந்து நீர்க்கச் செய்யக் கடல்தண்ணீரும் உள்ளே இருக்காது, ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து கழிவோடு வருகிற தண்ணீர்தான் மிச்சம். அப்புறம் உப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் கரைவதே குறைவு: 30 டிகிரி வெப்பத்தில் உப்பில்லாத தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் கரையும் என்றால் கடல்தண்ணீரில் 6 சொச்சம்தான். எனவே உப்பின் அளவையும் சேர்த்துப் போட்டால்தான் எண்ணுக்கு அர்த்தம்.

என்னுடையது ஒரே ஒரு நாள் கணக்கு, அதை வைத்து ஆற்றுக்குத் தீர்ப்பு எழுதச் சொல்லவில்லை. கழிவு வீட்டுச் சாக்கடையா ஆலைத் தண்ணீரா என்பதையும் இந்தச் சோதனை காட்டாது. ஆனால் இது சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி ஓடுகிற ஆறு, மிகக் கடுமையாக மாசுபட்ட இடங்கள் என்று 2009ல் மத்திய வாரியம் போட்ட பட்டியலில் கடலூரும் இருந்தது. இப்படிப்பட்ட ஆற்றில் மதிய அளவை மட்டும் போட்டு நல்ல தண்ணீர் என்று எழுதினால், விடியற்காலையில் வலை தூக்குகிறவர் சொல்வதை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இனி ஆற்றுத் தண்ணீர் பற்றி எந்த எண் வந்தாலும் நேரம், ஏற்றமா வற்றமா, உப்பு, எவ்வளவு ஆழத்தில் எடுத்தது என்ற நாலையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். சோதிக்கிற அதிகாரிகளும் மாதத்தில் ஒரு நாளாவது விடியற்கால வற்றத்தில் எடுத்து, அளவைத் தமிழில் எழுதி மீன் இறங்குதுறைப் பலகையில் வைக்க வேண்டும்.

அடுத்த அமாவாசைக்கு மூன்றாம் நாள் மறுபடி போகிறோம். தோணியில் இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது. உங்கள் நிருபர் வருவதாக இருந்தால் நாலு மணிக்கு முன்னாலேயே முதுநகர்த் துறைக்கு வந்துவிடச் சொல்லுங்கள், தண்ணீர் காத்திருக்காது.

இப்படிக்கு,
வேதியியல் மாணவி,
கடலூர் முதுநகர்