ஜிலேபியின் சொந்தக்காரர்கள்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. முட்டிவலிக்கு பிசியோதெரபி போவதாக எழுதியிருந்தாய். நடுவில் விட்டுவிடாதே. நான் அப்படி விட்டுத்தான் இன்னும் மாடிப்படியில் முனகுகிறேன்.

ரிடையரான பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டாய். மீன் வளர்க்கிறேன். சிரிக்காதே. ஹாலில் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு தொட்டி. தண்ணீர், கல், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் முக்கால் டன்னுக்கு மேல். தரைத்தளத்து வீடு என்பதால் துணிந்தேன். சோபா போடவேண்டிய இடமாம், உன் தங்கச்சி ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. இப்போது காலையில் எழுந்ததும் போய் மீனை எண்ணுவது அவள்தான்.

எல்லாம் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்தவை, சிக்லிட் என்ற மீன் குடும்பம். பாறை இடுக்குகளில் வாழ்பவற்றை அந்த ஊர்க்காரர்கள் 'ம்புனா' என்பார்கள். எலுமிச்சை மஞ்சளில் முதுகுத் துடுப்பில் மட்டும் மை தீற்றினாற்போல் ஒன்று. நீலமும் கறுப்புமாகப் பட்டை போட்ட டெமசோனி இன்னொன்று, விரல் நீளம்தான், கோபம் மட்டும் முழ நீளம். வருகிறவர்கள் எல்லாரும் கடல்மீனா என்று கேட்கிறார்கள். நல்ல தண்ணீர் மீன்தான்.

வேடிக்கை என்னவென்றால், வாளியெல்லாம் வெள்ளை படியவைக்கும் எங்கள் போர் தண்ணீர் இதுகளுக்குப் பொருந்திவிட்டது. அந்த ஏரித் தண்ணீரே காரத்தன்மை உள்ளது. இங்கே அளந்தேன், பி.எச். 8.2. நாங்கள் ஆர்.ஓ. தண்ணீர் குடிக்கிறோம், மீன்கள் ஊர்த் தண்ணீரில் சுகமாக இருக்கின்றன. சமையலறை மேடைக்கு வாங்கி மிஞ்சிய கடப்பா கல்லை உடைத்து, முனை மழுக்கி, அடுக்கி குகை கட்டினேன். முதலில் மணல் கொட்டி அதன்மேல் கல் வைத்தேன். ராத்திரியோடு ராத்திரி அடியில் தோண்டி, ஒரு அடுக்கையே சரித்துவிட்டன. அப்புறம் எல்லாவற்றையும் எடுத்து, கல்லை அடித்தளத்தில் உட்காரவைத்துப் பிறகு மணல் போட்டேன்.

பாடம் படித்ததும் உண்டு. கோடு போட்ட மஞ்சள் குஞ்சு அழகாக இருக்கிறதே என்று 'ஆரேட்டஸ்' இரண்டு வாங்கினேன். ஒன்று ஆண். வளர வளரக் கறுத்து, தொட்டி முழுக்கத் தனக்கே பட்டா போட்டதுபோல் எல்லாரையும் விரட்டியது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதைவிட வருத்தம், ஆசையாகச் சிவப்புப் புழு வாங்கிப் போட்டு மூன்று டெமசோனிகளை இழந்தது. பாறைப்பாசி சுரண்டித் தின்னும் மீன், நீளமான குடல். வயிறு ஊதி, சாப்பிடாமல், மூலையில் நின்றே போய்விட்டன. இப்போது ஸ்பைருலினா என்ற பாசி கலந்த தீனி, அதுவும் கொஞ்சம்தான்.

உனக்கு எழுதத் தோன்றியதே வேறு காரணம். போன மாதம் ஒரு மஞ்சள் பெண்மீனின் தாடை உப்பியிருந்தது. தீனி போட்டால் கிட்டே வரும், தின்னாது. வாய்க்குள் முட்டை! ஆணின் அடித்துடுப்பில் முட்டை போலவே மஞ்சள் புள்ளிகள் உண்டு. தன் முட்டைகளை வாயில் அள்ளிக்கொண்ட பெண், அந்தப் புள்ளிகளையும் முட்டையென்று கொத்தப்போகும்; அந்த நேரத்தில்தான் கருவுறுதல் நடக்கிறது. மூன்று வாரம் பட்டினி கிடந்து, ஒரு விடியற்காலையில் கல் இடுக்கில் குஞ்சுகளைத் துப்பியது. நகக்கண் அளவுதான், அப்போதே மஞ்சள்.

நம் ஏரி மதகு ஞாபகம் இருக்கிறதா? ஜிலேபி மீன் வாயைத் திறக்க, புகை மாதிரி குஞ்சுக்கூட்டம் உள்ளே போனது. "குஞ்சையே தின்னுதுடா" என்று நீ கல்லெடுத்து எறிந்தாய். அது தின்னவில்லைடா, பத்திரப்படுத்தியது. உன் கல்லுக்குத்தான் பயந்திருக்கும். ஜிலேபியும் ஆப்பிரிக்கச் சிக்லிட்தான். இந்தியாவுக்கு வந்ததே 1952இல். இத்தனை வருஷம் நம் ஊர் மீன் என்று நினைத்துக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தோம்.

பொங்கலுக்குக் குடும்பத்தோடு வா. போன வாரம் மார்க்கெட்டில் உயிரோடு ஜிலேபி துள்ளிக்கொண்டிருந்தது. உன் தங்கச்சி கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "வேண்டாங்க" என்று வஞ்சிரம் வாங்கிவிட்டாள். விலையை நான் சொல்லமாட்டேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி