அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை

குரோம்பேட்டை,
16.3.2025

அன்புள்ள சுமதி,

நலம். இவரும் நலம். உன் முழங்கால், அண்ணாவின் சர்க்கரை, பேத்தியின் எடை எல்லாவற்றையும் போனில் கேட்டுக்கொள்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கடிதமும் முன்பு எழுதிய நாலைப் போலப் பாதியிலேயே கிழிபட்டுவிடும்.

உன் மகள் வளைகாப்பன்று எனக்குக் காய்ச்சல் இல்லை.

டெங்குவாக இருக்குமோ என்று டாக்டர் சொன்னதாக அனுப்பினேனே, அதுவும் பொய். அன்று காலை ஏழு மணிக்கு, விசேஷ வீட்டு அமளிக்கு நடுவில், நீ பப்பாளி இலைச் சாறு குடிக்கச் சொல்லி மூன்று முறை குரல் பதிவு அனுப்பினாய். அதை நான் எங்கே நின்று கேட்டேன் தெரியுமா? ஜப்பானில். தலையில் எலிக்காது மாட்டிக்கொண்டு, பாப்கார்ன் வரிசையில். கோபப்படு, ஆனால் படித்து முடித்துவிட்டுப் படு.

பொடியனை மறந்திருக்க மாட்டாய். உங்கள் வீட்டு மாமரத்தில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் அழுதானே, என் அண்ணன் மகன். இப்போது 32 வயது, தாடி, டோக்கியோவில் வேலை. நிஷி கசாய் என்ற பகுதியில் இருக்கிறான். நம் ஆட்கள் ஏகப்பட்ட பேர் அங்கேதான். நாலு வருடமாக "வாங்க அத்தை, வாங்க அத்தை" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று ஏன் கிளம்பினோம் என்பதைப் பிறகு சொல்கிறேன். போய் இறங்கிய மூன்றாம் நாள் எங்கள் கையில் டிஸ்னி சீ பூங்கா டிக்கெட்டைக் கொடுத்து, "எனக்கு ஆபீஸ் இருக்கு, நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்றான்.

"குழந்தைங்க இல்லாம அங்க போய் நாங்க என்னடா செய்றது?"

இதைக் கேட்டது நான்தான் சுமதி. முப்பது வருடமாக ஊர் வாயிலிருந்து கேட்டுக் கேட்டு அந்த வசனம் எனக்கே மனப்பாடமாகிவிட்டது. அவன் சிரிக்காமல், "குழந்தைங்க இருந்தாத்தான் அத்தை அங்க ஒண்ணும் செய்ய முடியாது" என்றான்.

1999 மே மாதம் இதே பயலை நாங்கள் கிஷ்கிந்தா பூங்காவுக்குக் கூட்டிப்போனோம். அண்ணியும் வந்திருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? காலையிலிருந்து மாலை வரை பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு ஜோடி செருப்பு, இரண்டு ஈரத் துண்டு, புளிச்சோற்று டப்பா. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா "உங்க பையனா?" என்று கேட்டதும் அண்ணி அலைக்குளத்திலிருந்தே "இல்ல இல்ல, என் பையன்" என்று கத்தினாள். தப்பில்லை, அவள் பையன்தான். அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டாம். அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகளோடு எத்தனையோ பூங்காக்கள். எல்லா இடத்திலும் நான் பை. நம் பள்ளிக்கூட உல்லாசப் பயணத்தில் வி.ஜி.பி. பூங்காவில் அசையாமல் நிற்கிற சிலை மனிதனைச் சிரிக்கவைக்க நீ ஒரு கேள்வி கேட்டாயே, அன்றைக்கு நான் விளையாடியதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

சரி, டிஸ்னி சீக்கு வருகிறேன்.

பொடியன் பேருந்தில் போகச் சொன்னான். இவர் டோக்கியோ ஸ்டேஷனைப் பார்த்தே தீர வேண்டும் என்றார். பார்த்தோம். அந்த ஸ்டேஷனுக்குள் கெய்யோ லைன் பிளாட்பாரம் இருக்கிறது பார், அதை ஸ்டேஷன் என்று சொல்வதே அநியாயம். நகரும் நடைபாதைகளில் ஏறி இறங்கி, பாதாளத்துக்குப் படியிறங்கி, திருவானைக்காவலில் வண்டியைப் பிடிக்க ஸ்ரீரங்கத்திலிருந்து நடக்கிற மாதிரி நடந்தோம். ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் இவர் தேதியைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு நவம்பர் 14, குழந்தைகள் தினம்" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நேரு மாமா தினத்தில் ஐம்பது தாண்டிய இரண்டு பேர்.

ஆனால் மாய்ஹாமா ஸ்டேஷனில் இறங்கினால் ஒரே பள்ளிப் பிள்ளைகள். அலை அலையாக. இதுவும் பிறகுதான் தெரிந்தது: பக்கத்து மாகாணமான சைத்தாமாவுக்கு நவம்பர் 14 மாகாண தினமாம், பள்ளிகள் விடுமுறை, அத்தனை பேரும் இங்கேதான் வருவார்களாம். இதைப் பார்க்காமல் டிக்கெட் எடுத்ததற்காகப் பொடியன் தன்னைத்தானே திட்டிக்கொண்டான். அங்கே டிக்கெட் விலையே நாளுக்கு ஒன்று, 7,900 யென் முதல் 10,900 யென் வரை. நாங்கள் போன நாளுக்கு எவ்வளவு என்று அவன் சொல்லவே இல்லை.

அந்த இடத்தை எப்படிச் சொல்வது? மொத்தமும் கடலைத் தூர்த்து எடுத்த நிலம். டிஸ்னிலேண்ட் 1983இல் வந்தது, அதன் பக்கத்தில் 2001இல் இது. உலகத்தில் வேறெங்கும் டிஸ்னி சீ கிடையாது. துறைமுகம் துறைமுகமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்தால் இத்தாலி, நடுவில் நெருப்புக் கக்கும் எரிமலை, ஒரு பக்கம் பழைய நியூயார்க், அதில் நிஜமாகவே ஒரு கப்பல் அளவுக்குக் கப்பல். திறந்த நாளிலிருந்தே இங்கே பீர் உண்டு. பெரியவர்களையும் மனதில் வைத்துக் கட்டிய இடம் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி? இவர் அந்தக் கப்பலில் உட்கார்ந்து ஒரு கோப்பை குடித்தார். என் மாமியாரிடம் சொல்லாதே.

முப்பத்தைந்து வருடம் பொதுப்பணித்துறையில் இருந்த மனுஷனைக் கூட்டிக்கொண்டு இப்படி ஒரு இடத்துக்குப் போகக் கூடாது சுமதி. எல்லாரும் எரிமலையைப் போட்டோ எடுக்கிறார்கள், இவர் சுவரைத் தட்டிப் பார்க்கிறார். பாறை சிமெண்ட், மரம் சிமெண்ட், இரும்பில் வழிகிற துரு பெயிண்ட். சுவரில் விரிசலும் பாசியும்கூட வரைந்தவை. ஒரு மூலையில் அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டுச் சொல்கிறார், "நம்ம ஊர்ல மூணு வருஷத்துல தானா வர்றதை இவங்க காசு கொடுத்து வரையுறாங்க." அந்த அரை மணி நேரம் யாரும் எங்கள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. யாருக்கும் ஒன்றுக்கு வரவில்லை. அதுதான் பொடியன் சொன்னதற்கு அர்த்தம்.

பெரிய சவாரிகளில் எல்லாம் கூட்டம். அரபுக் கரை என்ற கோடியில் சிந்துபாத் படகுச் சவாரி மட்டும் காலியாகக் கிடந்தது. சின்னப் படகு, இருட்டுக்குள் மெதுவாகப் போகும், இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கில் பொம்மைகள் பாடி ஆடும். பயமே கிடையாது. சிந்துபாத்தோடு ஒரு புலிக்குட்டி வரும், அதன் பெயர் சந்து. "எந்த சந்து?" என்று இவர் கேட்டார். முதல் முறை நான் சிரித்தேன். நாங்கள் அதில் நாலு முறை போனோம், நாலு முறையும் கேட்டார். இரண்டாவது முறை இறங்கியதும், "இன்னொரு தடவை போலாமா?" என்று கேட்டது நானா அவரா என்று இப்போது வரை சண்டை. கறிப்பொடி மணக்கும் பாப்கார்ன்கூட அந்தப் பக்கம்தான். பக்கத்திலேயே ஒரு சாப்பாட்டுக் கடையில் கறியும் நான் ரொட்டியும். அவ்வளவு தூரம் போயும் பன்னிரண்டு மணிக்கு ரொட்டி பிய்த்துச் சாப்பிட்டோம், கேலி செய்யாதே.

சாப்பிட்டு முடித்துதான் கோபுரத்துக்கு வந்தோம். டவர் ஆஃப் டெரர். கதை என்னவென்றால், ஹைடவர் என்று ஒரு பணக்காரன் உலகமெல்லாம் சுற்றிச் சாமி சிலைகளைச் சுருட்டிக்கொண்டு வந்து தன் ஹோட்டலில் வைக்கிறான். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஒரு சிலையைக் கேலி செய்கிறான். 1899 டிசம்பர் 31 இரவு லிஃப்ட்டில் ஏறியவன் காணாமலே போகிறான். சிலை மட்டும் அப்படியே இருக்கிறது. நம் ஊர் சிலைக் கடத்தல்காரர்களுக்கும் இப்படி ஒரு லிஃப்ட் வைத்தால் தேவலை என்றேன். இவர் "முதல்ல லைசென்ஸ் கிடைக்காது" என்றார். அந்த லிஃப்ட்டில்தான் நம்மை உட்காரவைத்து மேலே கொண்டுபோய்க் கீழே போடுகிறார்கள்.

ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏறக் கூடாது என்று வாசலில் போட்டிருந்தது. இவர் என் முகத்தைப் பார்த்தார், கையை நீட்டினார், "பையைக் குடு, நீ போய்ட்டு வா" என்றார்.

பையைக் கொடுத்தேன் சுமதி. கை வெறுமையாக இருந்தது ஒரு மாதிரி இருந்தது, வரிசையில் கொஞ்ச நேரம் என்ன செய்வதென்றே தெரியவில்லை.

இரண்டு மணி நேர வரிசை. எனக்கு முன்னால் பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள். குட்டைப் பாவாடை, கழுத்தில் ரிப்பன். முகத்தைப் பார்த்தால் பள்ளி முகம் இல்லை. போனில் மொழிபெயர்ப்பை வைத்துப் பேசினோம். இருவருக்கும் 34 வயதாம், வேலைக்குப் போகிறவர்கள். பழைய சீருடையை எடுத்துப் போட்டுக்கொண்டு இங்கே வருவது அங்கே ஒரு பழக்கமாம், அதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். கொக்கி போடவில்லை, ஊக்குதான் என்று ஒருத்தி இடுப்பைக் காட்டினாள். நமக்கு அப்படித் தோன்றியிருந்தால் நீலத் தாவணியைத் தேடியிருக்க வேண்டும், உன்னுடையது நிச்சயம் கரித்துணியாகியிருக்கும். எங்கே தங்கியிருக்கிறாய், எந்தச் சவாரி பிடித்தது என்றெல்லாம் கேட்டார்கள். எத்தனை குழந்தைகள் என்று கேட்கவில்லை. அவர்கள் யாரையுமே அப்படிக் கேட்க மாட்டார்கள் என்று பொடியன் சொன்னான். இருக்கட்டுமே, அன்றைக்கு எனக்கு அது போதுமாக இருந்தது.

அப்போது மணி இரண்டு. திருச்சியில் பத்தரை. உன் மகளை மணையில் உட்காரவைத்திருப்பீர்கள்.

இப்போது சொல்கிறேன். வளைகாப்புக்கு ஒரு மாதம் முன்பு உங்கள் வீட்டிலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. யார் என்று எழுத மாட்டேன், நீயே கண்டுபிடித்துவிடுவாய். ரொம்பப் பிரியமாகத்தான் பேசினார்கள். "கண்டிப்பா வந்துடும்மா, வந்து நல்லாச் சாப்பிட்டுட்டுப் போ. வளையல் மட்டும் பிள்ளை பெத்தவங்க போடட்டும், என்ன?" நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "சரிங்க" என்றேன். நறுக்கி முடித்தேன், குழம்பும் வைத்தேன். இவர்தான் ராத்திரி பொடியனுக்குப் போன் போட்டு டிக்கெட் எடுக்கச் சொன்னார், என்னைக் கேட்கவே இல்லை.

அது வலித்ததா என்றால், அவ்வளவாக இல்லை. அவர்களை எனக்கு நாற்பது வருடமாகத் தெரியும், அவர்கள் வேறெப்படிப் பேசுவார்கள்? வலித்தது வேறு. நீ சொல்லித்தான் அவர்கள் பேசினார்களோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஒரு நிமிடம் என்று எழுதுகிறேன், உண்மையில் ஐந்து மாதம். உன்னிடமே கேட்டிருக்கலாம். கேட்டு நீ ஒரு விநாடி தயங்கினால் என்ன செய்வது என்று பயம். அதனால்தான் பிரசவத்துக்கு வரவில்லை, பெயர் வைக்க வரவில்லை, வெள்ளிக் கொலுசைக் கூரியரில் அனுப்பினேன். உன் குரல் பதிவுகளில் மூன்றாவதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பின்னால் அவர்கள் குரல் கேட்கிறது, நீ "இருங்க, வசந்திகிட்ட பேசிட்டு வர்றேன்" என்கிறாய். அதற்குள் எதையோ தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் நினைத்து அந்த வரிசையில் நான் அழுதிருப்பேன் என்று நினைப்பாய். இல்லை. எனக்குப் பசித்தது. அந்த ரொட்டியும் கறியும் எந்த மூலைக்கு?

மேலே போனதும் ஜன்னல் திறக்கிறது. கடல், எரிமலை, கீழே எறும்பு மாதிரி ஜனங்கள், அதில் ஒருவர் என் பையோடு. பிறகு தரை இல்லை. எல்லாரும் ஏதோ கத்தினார்கள். நான் கத்தியது போனில் பேசியவர்களின் பெயரை, முழுப் பெயரையும், அடைமொழியோடு. தமிழ் தெரிந்தவர்கள் அந்த லிஃப்ட்டில் இல்லை என்று நம்புகிறேன். இறங்கி வந்தபோது தொண்டை கட்டியிருந்தது, இவரிடம் "இன்னொரு தடவை" என்றேன். வரிசையைப் பார்த்துவிட்டு "சிந்துபாத் போதும்" என்றார். அதுதான் அந்த நாலாவது முறை.

இரவில் ஏரி போன்ற அந்தத் துறைமுகத்தில் விளக்குப் படகுகள் வரும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு இடம் பிடிக்கிறார்கள், வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் துண்டு போடுகிற மாதிரியே. பெரிய படகுகள் இசையோடு சுற்றி வந்தபோது இவர் கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போனார், தெப்பம் என்று. பக்கத்தில் எங்களைவிட வயதான ஒரு தம்பதி, இருவர் மடியிலும் ஆளுக்கொரு கரடி பொம்மை. அன்று 21,000 காலடி நடந்ததாகப் பொடியன் கொடுத்த கைக்கடிகாரம் காட்டியது. இரண்டு நாள் படியிறங்க முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு போட்டோ அனுப்பினாய். பச்சைக் கண்ணாடி வளையல், இரண்டு டஜன், பழைய செய்தித்தாளில் சுற்றி. "உனக்குன்னு எடுத்து வெச்சது இன்னும் பீரோலயே இருக்கு. நீ போட்டுவிட்டா அவளுக்கு நல்லதுன்னு முதல் ஆளா உன்னைத்தான் நினைச்சிருந்தேன். எப்பதான் வர்ற?" என்று கேட்டிருந்தாய். அதற்கு ஒரு வாரமாகப் பதில் போடாமல் இருந்தது இதை எழுதத்தான்.

29ஆம் தேதி சனிக்கிழமை பகல் வண்டியில் வருகிறேன். இவர் வரவில்லை, குழாய்க்காரர் வருகிறார். போனில் பேசியவர்களிடம் நீ ஒன்றும் கேட்க வேண்டாம். வயதாகிவிட்டது. கத்த வேண்டியதை நான் கத்தியாகிவிட்டது.

பேத்திக்கு அங்கிருந்து ஒன்றும் வாங்கிவரவில்லை. உனக்குத்தான் வாங்கினேன், ஒரு ஜோடி காது, சிவப்புப் பொட்டுப் போட்ட ரிப்பன் வைத்தது. அவளுக்கு எடுத்துக் கொடுத்துவிடாதே.

உன்,
வசந்தி

பி.கு.: ரெண்டேகால் வளையல் இப்போது ஏறாது. ரெண்டரையாக மாற்றி வை.