கண்மாய்க்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2070-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு (வெளியேறும் கரிப்புகையும் உறிஞ்சப்படும் கரிப்புகையும் சமமாகும் நிலை) என்று 2021-இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் இந்தியா அறிவித்ததை வரவேற்கிறேன். ஆனால், பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்வதில் உள்ள பெரிய தடை எதுவென்பதை, மேலூர் ஒருபோகப் பாசனப் பகுதி விவசாயியான நான் கண்மாய்க் கரையில் நின்றே பார்க்கிறேன்.

பல நாள் நின்று பெய்யவேண்டிய மழை இப்போது சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2024 அக்டோபர் 25-இல் பெய்த மழையில் மதுரை செல்லூர்ப் பகுதி வெள்ளக்காடானது. அதே பருவத்தில் எங்கள் கண்மாய் பாதிகூடப் பெருகவில்லை. வரத்துக் கால்வாயில் ஆள் நுழைய முடியாதபடி சீமைக் கருவேலம் மண்டியிருந்ததால் தண்ணீர் தார்ச்சாலையில் ஏறி ஓடியது. மடையின் ஷட்டரோ துருப்பிடித்து, திருகினாலும் அசையவில்லை.

மனுவோடு போன இடத்தில் "இது எங்கள் பொறுப்பில் வராது" என்றார்கள். அவர்கள் கைகாட்டிய அலுவலகத்திலும் அதே பதில்தான். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய்கள் நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்க, ஆக்கிரமிப்பை அளந்து காட்ட வருவாய்த்துறை வரவேண்டியுள்ளது. இப்படிப் பிரிந்து கிடக்கும் பொறுப்பே முதல் தடை என்பேன்.

கண்மாய் பெருகினால் கிணறுகளில் ஊற்று ஏறும். மோட்டார் ஓடும் நேரம் குறையும். நம் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னமும் நிலக்கரியிலிருந்து வருவதால், வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்க உதவும் இதே வேலை கரிப்புகையையும் குறைக்கும். வண்டல் எடுக்க வட்டாட்சியரே அனுமதிக்கலாம் என்று 2024-இல் விதியைத் தளர்த்தியது நல்ல தொடக்கம். ஆனால், கால்வாய் அடைபட்டுக் கிடக்கையில் கண்மாயை மட்டும் ஆழப்படுத்தி என்ன பயன்?

ஊர் ஒன்று சேர்ந்தால் நடக்கும் என்பதற்கு எங்கள் பக்கத்து அரிட்டாபட்டி கிராமமே சாட்சி. 2022-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அந்த மண்ணை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம், மேலூர் வட்டார மக்கள் திரண்டு எதிர்த்ததால் 2025 ஜனவரியில் ரத்தானது.

ஆகவே, ஒவ்வொரு கண்மாய்க்கும் ஓர் அதிகாரியைப் பொறுப்பாக்கி, அவர் பதவியையும் தொலைபேசி எண்ணையும் கரையில் பலகையாக வைக்க வேண்டும். பாசன சங்கத்தாரோடு அவர் கால்வாயை நடந்து பார்த்து எழுதும் அறிக்கையை, வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கண்மாய்வாரியாக வாசிக்க மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
விவசாயி ஒருவர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.